பைபிளின் நூலாசிரியரும் ஏட்டுப் பிரதிகளும்: சைவாசிரியர்க்குச் சில வினாவிடை

சைவ பாடசாலைகளிற் கற்பிக்கும் ஆசிரியர்களை மாணாக்கர் பலதிறப்பட்ட வினாக்கள் வினாவுவர். அவற்றுட் கிறிஸ்தவர்களது வேதநூலாகிய பைபிளைப் பற்றியனவும் சில உள. அந்நூலை எழுதினோர் யாவர்? மூலப்பிரதி இப்பொழுது எங்கேயுளது? அது இடையிலே திருத்தப்பட்டதென்கிறார்களே, உண்மையா? இன்ன நூல் வேதம், இன்ன நூல் வேதமன்று என்று தீர்மானித்தவர் யாவர்? இவை, அயல்வீட்டுக் கிறிஸ்தவப் பிள்ளைகளோடு ஒருங்கு விளையாடி வளரும் நம் பிள்ளைகளுக்கு இயல்பாகவே எழும் வினாக்களாம். இவற்றிற்கு ஆசிரியர் காலையிற் சொல்லும் விடை மாலையில் அயல்வீட்டிற்குச் சென்றுவிடும். அவ்விடை பிழைபட்டதாயின், அங்கே அறிந்தாரொருவர் அதனைப் பிழையென்று எளிதிற் காட்டுவர். அப்பொழுது பிள்ளை ஐயுறுவது அவ்வொரு விடையை மாத்திரமன்று. அதே வாயினின்று கேட்ட சைவசமய பாடத்தையும் ஐயுறும். ஆதலின், இவ்விஷயத்தில் ஆசிரியர் அளந்தறிந்து பேசுதல் மிகவும் அவசியம்.

யாம் மிஷன் பாடசாலையிலே பயின்று, பைபிளைப் பரீட்சைப் பாடமாகவே பல்லாண்டு ஓதியவேம். பின்னர்ச் சைவ பாடசாலையில் உபாத்தியாயராயமர்ந்தபின், இருபக்கத்தார் பேசுவதையுங் கேட்டு வருகின்றேம். இருபக்கத்தாரிடத்தும் ஒரு மயக்கம் பெரும்பாலுங் காணப்படுகின்றது. அஃதியாதோவெனின், வெவ்வேறாகிய நான்கு வினாக்களை ஒன்றாக்கிக் குழப்புதலாம். ஒரு பழைய நூலைக் குறித்து, இதனைச் செய்தவர் யார் என்பது ஒரு வினா. அது கருத்தாவைப் பற்றியது. அவர் செய்த சொற்களே இப்பொழுது நம் கையிலுள்ளனவா என்பது இரண்டாவது. அது பாடத்தைப் பற்றியது. அச்சொற்களின் கருத்து யாது என்பது மூன்றாவது. அது பொருளைப் பற்றியது. அக்கருத்து உண்மையா, அஃது ஈசுரவாக்கா என்பது நான்காவது; அது பிரமாணத்தைப் பற்றியது. முதன்மூன்றும் ஏடுகளையும் சரித்திரத்தையும் மொழியிலக்கணத்தையுங்கொண்டு ஆராயப்படுவன. நான்காவது அவற்றான் மாத்திரம் முடிவதன்று. இப்பகுப்பை மனத்திலிருத்திக்கொண்டு மேல்வரும் வினாவிடைகளைப் படிக்க.

வினா 1. பைபிள் ஒரே நூலா? எம்மொழியில் எழுதப்பட்டது?

விடை. அது பல நூல்களின் தொகுதி. யூதர்களுக்குங் கிறிஸ்தவர்களுக்கும் பொதுவாகிய பழைய ஏற்பாடு எபிரேய மொழியிலுள்ளது; தானியேல், எஸ்றா என்னும் நூல்களின் சில பாகங்கள் அரமேய மொழியிலுள்ளன. கிறிஸ்தவர்க்கே உரிய புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 27 நூல்களையுடையது. பழைய ஏற்பாட்டில் யூதர் 24 நூல்களென்று எண்ணுவர். புரொட்டஸ்தாந்தர் அவற்றையே வேறு வகையாகப் பகுத்து 39 என்பர். கத்தோலிக்கர் வேறு சிலவற்றையுஞ் சேர்த்து 46 என்பர். ஆகவே பைபிளில் எத்தனை நூல்கள் உள என்று பிள்ளை வினாவின், 66 என்றாவது 73 என்றாவது ஒன்றனை மாத்திரஞ் சொல்லி விடாது, யாருடைய எண்ணென்பதையுஞ் சேர்த்துச் சொல்லுக.

தமிழிலே அந்நூல்கள் சிலவற்றிற்கு ஆதியாகமம், யாத்திராகமம், உபாகமம் எனப் பெயர் வழங்குதலால், அவற்றுக்கும் நம் சைவாகமங்களுக்குந் தொடர்புண்டோ என மயங்கும் பிள்ளைகளும் உளர். தொடர்பில்லை. மொழிபெயர்த்தோர் ஈண்டு வழங்கிய சொல்லை எடுத்துத் தம் நூற்கு இட்டனர் என்று விளக்குக.

வினா 2. முதலைந்து நூல்களை மோசே எழுதினாரா?

விடை. யூதரும் கிறிஸ்தவரும் நெடுங்காலமாக அவ்வாறு கொண்டனர். ஆயினும் ஐந்தாவதாகிய உபாகமத்தின் ஈற்றதிகாரம் மோசேயின் மரணத்தையே கூறுகின்றது. அவ்வீற்றுப் பகுதியை யோசுவா எழுதினார் என்று பழைய யூத ஆசிரியர்களே ஒரு சமாதானஞ் சொல்லியுளர். 12-ஆம் நூற்றாண்டிலிருந்த இபின் எஸ்ரா என்னும் யூத உரையாசிரியர், இந்நூல்களிற் சில இடங்கள் பிற்காலத்தனவாகக் காணப்படுதலைக் குறிப்பாற் காட்டினார். ஸ்பினோசா 1670-இல் அதனை வெளிப்படையாக எடுத்துரைத்தார். 1753-இல் அஸ்திருக் என்னும் பிராஞ்சு வைத்தியர், கடவுளுக்கு இருவேறு பெயர்கள் ஆதியாகமத்தில் மாறி மாறி வருதலைக்கொண்டு, அதில் இரண்டு மூலங்கள் பின்னியுள்ளனவென்றார். அவருடைய கருத்து மோசேயே அம்மூலங்களைத் தொகுத்தார் என்பது. சலப்பிரளயக் கதையிலே, ஓரிடத்தில் ஒவ்வொரு வகைப் பிராணியிலும் ஒரு சோடு என்றும், மற்றோரிடத்திற் சுத்தமான பிராணிகளில் ஏழேழு என்றும் வருதலை இதற்கு உதாரணமாகக் காட்டுவர். 1878-இல் வெல்ஹவுசன் என்னும் ஜெர்மானிய பண்டிதர், நான்கு மூலங்கள் காலந்தோறும் எழுதப்பட்டுப் பின்னர் ஒன்றாக்கப்பட்டன என்னுங் கொள்கையை விரித்தெழுதினார்.

அக்கொள்கையின் உட்பிரிவுகள் இன்று பலராற் பலவாறு மாற்றப்பட்டுள்ளன. ஆயினும், பல கைகள் பட்டுப் பல காலத்தில் இந்நூல்கள் உருவாயின என்பதைச் சர்வகலாசாலைகளில் ஆராய்வாருட் பெரும்பாலார் உடன்படுவர். அவருட் பலர் கிறிஸ்தவரும் யூதருமே. பழைய கொள்கையைக் கைவிடாத கிறிஸ்தவ பண்டிதர்களும் உளர். இதுவே நேரிய விடை. இவ்வாராய்ச்சியைத் தொடங்கினோரும் வளர்த்தோரும் பைபிளைப் பூசித்த மரபினுள்ளே தோன்றினோரென்பதை மறவாது சொல்லுக.

வினா 3. நான்கு சுவிசேஷங்களை எழுதினோர் இயேசுவை நேரிற் கண்டவரா?

விடை. நான்கு நூல்களும் தத்தம் ஆசிரியர் பெயரை நூலினுள்ளே கூறவில்லை. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்னும் நான்கு பெயர்களையும் ஒருங்கே வைத்து, நான்கே சுவிசேஷமென்று வற்புறுத்தியவர் ஏறக்குறைய கி. பி. 180-இல் எழுதிய இரேனேயு என்னும் மேற்றிராணியார். மாற்குவும் லூக்காவும் நேரிற் கண்ட சீடரென்று பழைய மரபுங் கூறவில்லை. லூக்கா தம் நூன்முகத்திலே, தமக்கு முன்னர்ப் பலர் எழுதியிருந்தமையையும் தாம் விசாரித்தறிந்து எழுதுதலையும் தாமே சொல்லுகின்றார். மாற்குவின் நூலே முந்தியதென்றும், அஃது ஏறக்குறைய கி. பி. 70-ஐ அடுத்து எழுதப்பட்டதென்றும், மத்தேயுவும் லூக்காவும் அதனை முன்வைத்துக்கொண்டு எழுதினரென்றும், யோவானுடையது முதனூற்றாண்டின் இறுதிக்கணித்தென்றும் ஆராய்வாருட் பெரும்பாலார் கொள்வர்.

பவுலின் பெயரால் 13 நிருபங்கள் உள. அவற்றுள் உரோமர், கொரிந்தியர் இரண்டு, கலாத்தியர், பிலிப்பியர், தெசலோனிக்கேயர் முதலாவது, பிலேமோன் ஆகிய ஏழும் அவர் வாக்கே என்பதில் ஆராய்வார்க்குள் ஏறக்குறைய வழக்கில்லை. எஞ்சிய ஆறும் வழக்குடையன. எபிரெயர்க்கு எழுதிய நிருபம் ஆசிரியர் பெயரே இல்லாதது. இன்னுமொன்று: உரோமர் நிருபத்தின் ஈற்றிலே தெர்தியு என்பவன், இதனை எழுதியவன் நானென்று இடையிற்புகுந்து வந்தனஞ் சொல்லுகின்றான். பவுல் சொல்ல இவன் எழுதினான் என்க. ஆகவே, சொல்லினவர் ஒருவர், எழுத்தாணி பிடித்தவர் ஒருவர் ஆதல் அக்காலத்து வழக்கென்பது பெறப்படும்.

வினா 4. மூலப்பிரதிகள் உள்ளனவா? உள்ளவற்றுட் பழையன எவை?

விடை. ஆசிரியர் கையாலெழுதிய பிரதி ஒன்றேனும் இன்றில்லை. பிரதிக்குப் பிரதியாக வந்தனவே உள. இது பைபிளுக்கு மாத்திரமன்று. பழைய நூல்களெல்லாவற்றிற்கும் பொது.

புதிய ஏற்பாட்டிற்குக் கிரேக்க மொழியிலே துண்டும் முழுமையுமாக 5,000-க்கு மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் பதிவாகியுள்ளன. அவற்றுட் பெரும்பாலான ஒன்பதாம் நூற்றாண்டிற்குப் பிற்பட்டன. மிகப் பழையதெனப் பேர்பெற்றது, எகிப்திற் கிடைத்து மாஞ்செஸ்டர் நகரத்து ரைலண்ட்ஸ் நூலகத்திலுள்ள ஒரு பாப்பிரசுத் துண்டு. அஃது உள்ளங்கையளவினது, யோவான் 18-ஆம் அதிகாரத்துச் சில வரிகளையுடையது, 1935-இல் அச்சிட்டு வெளியிடப்பட்டது. அதனை இரண்டாம் நூற்றாண்டினதெனப் பெரும்பாலார் கூறுவர். சிறிது பிந்தியதாகலாம் என்பாரும் உளர். நான்காம் நூற்றாண்டிலே தோலில் எழுதப்பட்ட பெருநூல்கள் இரண்டு உள. ஒன்று வத்திக்கான் நூலகத்திலுள்ளது. மற்றொன்று சீனாய் மலைக் கத்தரீனாள் மடத்திலிருந்தது. அதன் ஏடுகள் சிலவற்றை 1844-இலும், பெரும்பாகத்தை 1859-இலும் டிஷண்டார்பு என்பவர் கண்டார். உருசிய தேசஞ் சென்ற அப்பெரும்பாகத்தை 1933-இற் சோவியத்து அரசினர் 100,000 பவுணுக்கு விற்க, அஃது இலண்டனை அடைந்தது.

பழைய ஏற்பாட்டின் எபிரேயப் பிரதிகளுள், முழுமையாகவும் ஆண்டு குறிக்கப்பட்டும் உள்ளவற்றுள் மூத்தது கி. பி. 1008-இல் எழுதப்பட்ட லெனின்கிராட் பிரதியாம். 1947 முதலாகச் சாக்கடலையடுத்த கும்ரான் குகைகளிற் சுருள்கள் வெளிப்பட்டன. அவற்றுள் ஏசாயாவின் பெருஞ்சுருள் ஏழு மீற்றருக்கு மேற்பட்ட நீளமுடையது, கி. மு. இரண்டாம் நூற்றாண்டினது. ஒரே வீச்சில் ஆயிரம் ஆண்டிற்கு மேற்பட்ட இடைவெளி தூர்ந்தது.

வினா 5. அவ்வாறாயின், நூல் மாறாது வந்ததா, மாறி வந்ததா?

விடை. இரண்டிற்கும் அச்சுருள்களே சாட்சி. ஏசாயாவின் பெருஞ்சுருளை 1008-ஆம் ஆண்டுப் பிரதியோடு ஒப்பிட, எழுத்தும் சொல்லுமாகிய சிறு வேறுபாடுகள் மிகப்பல காணப்படினும், நூல் அந்நூலேயாதல் தெளிவு. எரேமியாவின் நிலை வேறு. அந்நூலின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு எபிரேயத்தினும் ஏறக்குறைய எட்டிலொருபங்கு குறைந்துளது. மொழிபெயர்த்தோர் குறைத்தனர் போலும் என்று பலர் எண்ணியிருந்தனர். கும்ரானிலோ அக்குறுகிய பாடத்தோடு ஒத்த எபிரேயத் துண்டே கிடைத்தது. ஆகவே இருவகைப் பாடங்கள் எபிரேயத்திலேயே வழங்கின என்பது விளங்கிற்று.

பிள்ளைகளுக்கு இனிக்கும் உதாரணமொன்று. தாவீது கவண்கல்லால் வீழ்த்திய கோலியாத்து என்னும் வீரனுடைய உயரம், வழங்கும் எபிரேயப் பாடத்தில் ஆறு முழமும் ஒரு சாணும். பழைய கிரேக்கப் பாடத்திலும் கும்ரான் பிரதியிலும் நான்கு முழமும் ஒரு சாணும். எது முந்தியதென ஆராய்வோர், வீரனுடைய உயரம் கதை வளருந்தோறும் வளர்தலே இயல்பென்று நான்கினையே பெரும்பாலுந் தெரிவர்.

புதிய ஏற்பாட்டிலே மில் என்னும் ஆங்கில பண்டிதர் ஏறக்குறைய நூறு பிரதிகளை ஒப்பிட்டு 1707-இல் முப்பதினாயிரம் பாடபேதங் காட்டினார். இன்று பிரதிகள் பெருகினமையால் அத்தொகை சில இலட்சமாயிற்று. இத்தொகையை மாத்திரஞ் சொல்லி மருட்டுதல் நேர்மையன்று. பிரதி பெருகப் பேதமும் பெருகும். அவற்றுள் மிகப்பல எழுத்துப்பிழையும் சொன்முறை மாற்றமுமாம். பேதங்களெல்லாஞ் சிறியனவே என்று மறைத்தலும் நேர்மையன்று. மாற்குவின் ஈற்றுப் பன்னிரண்டு வசனங்கள் மேற்கூறிய நான்காம் நூற்றாண்டுப் பிரதிகள் இரண்டினும் இல்லை. விபசாரத்திற் பிடிபட்ட ஸ்திரீயைப் பற்றி யோவானில் வரும் கதையும் அவ்விரண்டினும் இல்லை. யோவான் முதலாம் நிருபத்து ஐந்தாம் அதிகாரத்திற் பரலோகத்துச் சாட்சியிடுவோர் மூவரெனப் பிதா முதலியோரைக் கூறும் வாக்கியம் பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை. எராஸ்மசு 1516-இலும் 1519-இலும் அதனை விடுத்து, 1522-இற் சேர்த்தார். 1611-ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பில் அஃது இடம்பெற்றது. 1881-இல் திருத்தப்பட்ட பதிப்பு அதனை நீக்கிற்று.

வினா 6. பிழைகள் எங்ஙனம் புகுந்தன?

விடை. ஏட்டுச்சுவடி கண்ட தமிழாசிரியர்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. ஒரே சொல்லால் முடியும் இருவரிகளுள் முதலதனைக் கண்டு எழுதிய கண் இரண்டாவதனிற் சென்று விழ, இடைப்பட்டது விடுபடும். ஓரத்திலெழுதிய குறிப்பைப் பின்வந்தோன் மூலமென்று உள்ளே சேர்ப்பான். விளங்காத சொல்லை விளங்குஞ் சொல்லாக்குவான். எபிரேயம் மெய்யெழுத்தையே எழுதி உயிரை எழுதாது விட்டமொழி. உயிர்க்குறிகளைப் பின்வந்த மசோரேத்தர் இட்டனர். நம் சுவடிகளிலே மெய்க்குப் புள்ளியின்மையும், எகர ஏகாரங்கட்கு வேறுபாடின்மையும் பதிப்பித்தோரை எவ்வளவு வருத்தின என்பதை எண்ணின், இதன் அருமை புலப்படும். பல பிரதிகளை ஒப்பிட்டுக் கலித்தொகையை 1887-இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் செய்த தொழிலும் அவர்கள் செய்யும் தொழிலும் ஒரே இனத்தனவாம்.

வினா 7. எவை வேதமென்று நிசேயா சங்கத்திலே கொன்ஸ்தாந்தைன் அரசன் தீர்மானித்தானா?

விடை. இல்லை. மேடைகளிற் பலமுறை சொல்லப்படும் இது பிழை. கி. பி. 325-இற் கூடிய அச்சங்கம் ஆரியு என்பவரது கொள்கையைக் கண்டித்து, விசுவாசப் பிரமாணமொன்றும் இருபது விதிகளும் செய்தது. அவ்விதிகளில் நூற்பட்டியல் இல்லை. இன்றுள்ள 27 நூல்களை அவ்வெண்ணிக்கையே படக் குறித்த பழைய பட்டியல் அலெக்சாந்திரியா நகரத்து அதனாசியு 367-இல் எழுதிய கடிதத்திற் காணப்படுவது. அதற்கு முன்னரே நான்கு சுவிசேஷங்களும் பவுலின் நிருபங்களும் சபைகளிற் பரவலாக ஓதப்பட்டன. சில நூல்கள் மாத்திரம் நெடுங்காலம் வழக்குற்றிருந்தன. கத்தோலிக்கர் தம் பட்டியலை விரித்துறுதிசெய்தது 1546-இல் திரெந்து சங்கத்திலே. எத்தியோப்பிய சபையார் இன்றும் வேறு சில நூல்களை ஏற்பர். ஆகவே ஒரு நாளில் ஓரரசன் செய்ததன்று; பல நூற்றாண்டு வழக்கினால் அமைந்தது.

வினா 8. பைபிளைச் சொற்பொருளே பொருளாகக் கொள்ளுதல் வேண்டுமென்பது கிறிஸ்தவரெல்லார்க்கும் ஒப்ப முடிந்ததா?

விடை. அன்று. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிகன் என்னும் ஆசிரியர், சூரியன் தோன்றுமுன் நாட்கள் எண்ணப்படுதலைக் காட்டி, அவை சொன்மாத்திரையாற் கொள்ளற்பாலனவல்லவென்றார். இடைக்காலத்தோர் சொற்பொருள், உருவகப்பொருள், ஒழுக்கப்பொருள், மறுமைப்பொருள் என நான்கு கூறினர். சொற்பொருளே முதன்மையென்று வற்புறுத்துவோரும் உளர். 430-இற் காலஞ்சென்ற அகுஸ்தீன் ஆதியாகமத்துக்கு உரைசெய்தவிடத்து, வானும் மண்ணும் பற்றிப் பிறசமயத்தார் நன்கறிந்த விஷயங்களிற் கிறிஸ்தவர் அறியாது பேசின், கேட்போர் நகைத்து, அவர் வேதத்தையே தள்ளுவரென்று தம்மவரை எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை எல்லாச் சமயத்தார்க்கும் பொருந்துவதன்றோ!

நிற்க. இனி, இவற்றினின்று ஆசிரியர் கொள்ளற்பாலன எவை?

பாடபேதம் உளதாதல் பற்றி நூலின் கருத்துப் பொய்யென்று சொல்லற்க, என்னை? பாடம் வேறு, பிரமாணம் வேறு. அங்ஙனமே, பிரதி ஐயாயிரம் உளவாதல் பற்றி நூலின் கருத்து மெய்யென்று ஒருவர் சொல்லின், அதனையும் ஏலற்க. ஒரு பத்திரத்தைப் பிழையறப் பலமுறை பிரதிசெய்தல், பத்திரத்திற் கூறியது உண்மையென்பதைச் சாதியாது. ஆசிரியர் பெயர் தெரியாமையும் அத்தகையதே. பெயரறியப்பட்டோர் பொய்கூறுதலும், பெயரறியப்படாதோர் மெய்கூறுதலும் உலகத்துண்டு. காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளை ஓதிய சைவ மாணாக்கனுக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.

இதனினும் பெரியது ஒன்றுண்டு. பிறர் நூலை அளக்க ஒரு நாழியும் தந்நூலை அளக்க மற்றொரு நாழியும் வைத்தல் வணிகர்க்கே இழுக்கு. ஆசிரியர்க்குச் சொல்லல் வேண்டுமோ? நம் நூல்களிலும் இவ்வினாக்கள் எழும். திருமூலர் காலம் இன்னதென்பதிற் பண்டிதர் ஒருமிக்கவில்லை. சிவஞானபோதம் தமிழில் முதனூலோ, இரௌரவாகமத்திலுள்ள சூத்திரங்களின் மொழிபெயர்ப்போ என்னும் வழக்குச் சைவ அறிஞரிடையிலேயே நிகழ்ந்தது. திருஞானசம்பந்த சுவாமிகளது திருவிடைவாய்ப் பதிகம் ஏடுகளிற் காணப்படாது கல்வெட்டினின்று கிடைத்தது. பதிகங்கள் பல செல்லரித்து ஒழிந்தன என்பதை நம் மரபே கூறுகின்றது. அயலார் நூலில் ஓரெழுத்து மாறியதைக் கண்டு கைகொட்டி நகைக்கக் கற்ற பிள்ளை, நாளை நம் நூலில் ஒரு பாடபேதங் கண்டவிடத்து யாது செய்யும்? நாம் கற்பித்த நகையையே நம்மேலுந் திருப்பும். பேதங் கண்டவிடத்துப் பொறுமையோடு ஒப்பிட்டு ஆராயக் கற்ற பிள்ளையோ, இருநூலையும் நேரிய கண்ணாற் பார்த்து, தன் சமயத்தில் அறிந்து நிற்கும்.

இவ்வழியில் நமக்கு முன்னோடியும் உளர். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள், பேர்சிவல் பாதிரியார் தலைமையில் நடந்து 1850-இல் வெளிவந்த தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பிற்கு உதவிபுரிந்தார்கள். அந்நூலைப் பலகாலும் உற்றோதி அறிந்தபின்னரே அதனை மறுத்தும் எழுதினார்கள். அவர்கள் கண்டனம் எதிராளிக்கு உறைத்தமைக்குக் காரணம் குரலுயர்ச்சியன்று, படித்தறிந்து பேசினமையேயாம். படியாது பழிப்பவர் அவர்கள் பெயரைச் சொல்லுதற்கு உரியராகார்.

ஆதலின், ஆசிரியர்களே, பைபிளைப் பற்றிப் பிள்ளை வினாவிய பொழுது, கருத்தா, பாடம், பொருள், பிரமாணம் என்னும் நான்கனுள் எதனைப் பற்றி வினாவுகின்றதென்று முதலில் தெளிந்துகொள்க. அறிந்ததனை ஆண்டும் இடமுங் குறித்துச் சொல்லுக. ஆராய்வார்க்குள் வழக்குடையதனை வழக்குடையதென்றே சொல்லுக. நும் வகுப்பிலே கிறிஸ்தவப் பிள்ளை ஒன்று இருக்குமாயின், அப்பிள்ளை வீட்டிற்சென்று தன் தாய்தந்தையர் முன்னிலையில் ஒப்பித்தாலும், அவர் முகஞ்சுளியாது, ஆம், அஃது உண்மையே என்று சொல்லத்தக்கதாக நும் விடை இருத்தல் வேண்டும். அத்தகைய ஆசிரியர் சைவத்தைக் குறித்துச் சொல்வதனையும் உலகம் செவிசாய்த்துக் கேட்கும்.